'நடக்கலாம்' என்றார் டொக்டர்

கொழும்பிலிருந்து ஹற்றன் செல்லும் பஸ் கித்துல்கலையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறிக் கினிகத்தேனைக் கடைத்தெருவில் வந்து நிற்கும்போது பெரும்பாலும் மழை பெய்துகொண்டிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்துவரும் ஈரத்தை முதலில் இறக்கிவைக்கும் மலைச்சரிவு எங்களுடையது. அயலிலுள்ள வட்டவளை, இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. மே மாதம் பிறந்துவிட்டால் லயங்களின் தகரக் கூரைகள் காற்றில் அடித்துக்கொள்ளத் தொடங்கும். பழைய டயர், கருங்கல், மூங்கில் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தகரத்தின்மீது ஏற்றிவைப்பது ஆண்பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை வேலை. வெளிநாடுகளில் இருந்து வாசிக்கும் நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன். உள்ளூர் வாசகர்கள் இப்பந்தியைத் தாண்டிச் செல்லலாம்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, எனக்கு நன்கு பழக்கமான ஒருவர் அப்படிக் கல் வைக்க ஏறினார். நாற்பதைத் தாண்டியவர். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுபவர். நனைந்த தகரம் வழுக்கியது. விழுந்த உயரம் பத்தடிகூட இராது. ஆனால் நின்ற நிலையில், வலது குதிகால் சீமெந்துக் கானின் விளிம்பில் மோத விழுந்தார். குதி என்பு நொறுங்கிற்று. எந்த வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார் என்பதை எழுத விரும்பவில்லை. நான் சொல்லப்போவது ஒரு வைத்தியசாலையின் குறை அன்று.

சத்திரசிகிச்சை நடந்தது. தகடும் திருகாணிகளும் வைத்து என்பைப் பொருத்தினார்கள். வீடு திரும்புமுன் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "ஐயா, எப்ப நடக்கலாமுங்க?" டொக்டர் சொன்ன பதிலும் ஒன்றே. "மூன்று மாதத்தில் நடக்கலாம்."

அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. மூன்று மாதம் கழிந்தபோது அவர் நடந்தார். கிளினிக்கின் சமதளமான சீமெந்துத் தரையில், கைத்தடியுடன், ஏறக்குறைய நிமிர்ந்தே நடந்தார். பதிவேட்டில் 'நடக்கிறார்' என்று எழுதப்பட்டிருக்கும். ஆனால் அவர் கேட்டது அந்த நடையையா?

மலையில் நிற்பவனின் பாதத்தைப் பாருங்கள். தேயிலைச் சரிவில் நிரை பிடித்து நகர்பவர் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ நிற்பதைவிட, சரிவுக்குக் குறுக்கே நிற்பதுதான் அதிகம். ஒரு கால் மேட்டில், மறு கால் பள்ளத்தில். இரண்டு உள்ளங்கால்களும் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். கணுக்கால் மூட்டுப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கும். பக்கவாட்டுச் சாய்வைத் தருவதோ அதற்குக் கீழே, குதி என்புக்கும் அதன்மீது அமர்ந்திருக்கும் என்புக்கும் இடையிலுள்ள இன்னொரு மூட்டு. குதி என்பு நொறுங்கும்போது பெரும்பாலும் சேதமடைவது இந்த மூட்டின் மேற்பரப்புத்தான். அது இறுகிப்போனவர் ரொறன்ரோவின் நடைபாதையில் பெரிய குறையின்றி நடமாடலாம். கினிகத்தேனை மலையில் அவரால் ஒரு நிரையை முடிக்க இயலாது. டொக்டரும் நோயாளியும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினார்கள், ஆனால் இருவரும் பேசியது இரு வேறு காரியங்களை.

நான் கலைப்பட்டதாரி. மருத்துவம் படித்தவன் அல்லன். ஆயினும் முப்பது வருடப் பத்திரிகைத் தொழில் ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. ஒரு விடயம் மனத்தை உறுத்தினால், அதுபற்றி அறிந்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப்படிக்காமல் உறக்கம் வராது. குதி என்பு முறிவு பற்றிப் படிக்கப் படிக்க வியப்புத்தான் மேலிட்டது. இந்த ஒரு முறிவின் பின்விளைவை முன்கூட்டிச் சொல்ல மருத்துவ உலகம் ஒரு நூற்றாண்டாக முயன்றுவருகிறது.

1916இல் பொஸ்டன் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் கொட்டன், குதி என்பு முறிந்த தொழிலாளியின் உழைப்பு வாழ்க்கை அத்துடன் முடிந்தது என்ற கருத்தில் எழுதினார். அக்காலத்தில் அதுதான் எதிர்வுகூறல்! பின்னர் வியன்னாவின் லோரன்ஸ் போலர் 1931இல், பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே படத்தின்மீது இரு கோடுகளை வரைந்து அவை சந்திக்கும் கோணத்தை அளக்கும் முறையைச் சொன்னார். ஆரோக்கியமான குதிகாலில் அது 20 முதல் 40 பாகை வரை இருக்கும். என்பு நசுங்கும்போது கோணம் சரிந்து பூச்சியத்துக்கும் கீழே போவதுண்டு. இன்றைக்கும் வார்ட்டில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் டொக்டர் மனத்துக்குள் அளப்பது இந்தப் போலர் கோணத்தைத்தான். விழுந்த அன்று அந்தக் கோணம் எவ்வளவு சரிந்திருந்ததோ, அதற்கேற்ப இரண்டு வருடங்களின் பின்னரான நிலையும் மோசமாக அமைகிறது என்று கனடாவின் லௌக்ஸ், பக்லி ஆகியோர் 1999இல் காட்டினார்கள்.

சி.டி. ஸ்கேன் வந்தபின் அமெரிக்கரான சாண்டர்ஸ் 1993இல் முறிவுகளை நான்கு வகையாகப் பிரித்தார். மூட்டுப் பரப்பு எத்தனை துண்டுகளாக உடைந்தது என்பதே கணக்கு. இரண்டாம், மூன்றாம் வகையினரில் சத்திரசிகிச்சைக்குப்பின் ஏறக்குறைய எழுபது சதவீதத்தினருக்கு நல்ல பலன் கிடைத்தது. பரப்பு முழுதும் சிதறிய நான்காம் வகையில் பத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. இவ்வளவும் என்பு சொல்லும் செய்தி. ஸ்கேன் படத்தைப் பார்த்தே ஒரு மனிதனின் வருங்காலத்தில் பாதியை வாசித்துவிடலாம் என்பது சிறிய காரியமல்ல.

மறு பாதி படத்தில் இல்லை. 2002இல் பக்லியும் சகாக்களும் வெளியிட்ட கனடிய ஆய்வு இத்துறையில் பேர்பெற்றது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சத்திரசிகிச்சை செய்து, மற்றவர்களுக்குச் செய்யாமல், இரண்டு முதல் எட்டு வருடங்கள் வரை பின்தொடர்ந்தார்கள். மொத்தத்தில் பார்த்தால் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பிரித்துப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. பெண்கள், இளவயதினர், பாரமற்ற தொழில் செய்வோர் ஆகியோர் சத்திரசிகிச்சையால் கூடுதல் நன்மை பெற்றார்கள். தொழிலாளர் நட்டஈடு பெறுவோரோ எந்தச் சிகிச்சை செய்தாலும் பின்தங்கியே நின்றார்கள். பிரித்தானியாவில் 22 வைத்தியசாலைகளில் 151 பேரைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியான ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போய், இரண்டு வருட முடிவில் சத்திரசிகிச்சையால் குறிப்பிடத்தக்க மேன்மை இல்லை என்றது. சிக்கல்களும் மறு சத்திரசிகிச்சைகளும் மட்டும் 23 சதவீதம். செய்யாதவர்களில் அது 4 சதவீதமே. (உருக்குலைவு மிக மோசமாக இருந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 'சத்திரசிகிச்சை வேண்டாம்' என்று நான் எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.)

நட்டஈடு பெறுவோர் ஏன் தேறுவதில்லை? காசுக்காக நொண்டுகிறார்கள் என்று சொல்ல உலகெங்கும் ஆட்கள் உண்டு. நம் தோட்டங்களிலும் அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஏற்புடையதன்று. நட்டஈடு கோருகிறவர் யார்? ஏணியில் ஏறுபவர், மூட்டை சுமப்பவர், கூரை வேய்பவர். காகிதம் பார்க்கும் எழுத்தரின் குதிகாலைவிட இவர்களுடைய குதிகால் அதிகம் செய்யவேண்டியிருக்கிறது. அதே என்பு, அதே கோணம், ஆனால் திரும்பிச் செல்லவேண்டிய இடம் வேறு. எனவே முறிந்த குதிகாலின் எதிர்காலத்தைச் சொல்ல முனைபவர் முதலில் கேட்கவேண்டியது, 'நீர் எங்கே நடக்கப்போகிறீர்?' என்பதே. எங்கள் நண்பரிடம் அக்கேள்வி கேட்கப்படவில்லை. நட்டஈடும் அவருக்கு இல்லை. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது, வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு உரியது. ஞாயிற்றுக்கிழமை கூரையில் ஏறியது வேலை அன்று. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், தகரம் தோட்டத்துக்குச் சொந்தம், விழுந்தவன் மாத்திரம் தன் சொந்தப் பொறுப்பில் விழுந்தான்!

பிழையான எதிர்பார்ப்புக்கு அவர் கொடுத்த விலையைச் சொல்லவேண்டும். மூன்று மாதம் என்று டொக்டர் சொன்னாரல்லவா? மனைவியின் தோட்டையும் சங்கிலியையும் மூன்று மாதக் கணக்கில் அடகு வைத்தார். மாதம் ஏழானது, வட்டி ஏறியது, நகை ஏலத்தில் போயிற்று. அதைவிடப் பெரிய நட்டம் இன்னொன்று. நான்காம் மாதத்தில் கணக்கப்பிள்ளை அவரைக் கூப்பிட்டு, தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் ஓர் இடம் இருப்பதாகவும் உட்கார்ந்தே செய்யலாம் என்றும் சொன்னார். நண்பர் மறுத்துவிட்டார். இன்னும் கொஞ்ச நாளில் மலைக்குப் போய்விடுவோம், கவ்வாத்துக்காரன் கன்றுக்கு மண் போடுவதா என்ற வைராக்கியம். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. ஆறாம் மாதத்தில் கத்தியுடன் மலை ஏறினார். இரண்டாவது நாள் மத்தியானமே குதிகால் வீங்கி, சரிவில் உட்கார்ந்தபடி இறங்கி வந்தார். அரைப்பேர்தான் விழுந்தது.

இங்கே டொக்டர்களுக்காகவும் பேசவேண்டும். கிளினிக் நாளில் வாசல்வரை வரிசை. ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். அதற்குள் காயத்தைப் பார்க்கவேண்டும். குதியின் வெளிப்புறத் தோல் மெல்லியது, அடியில் சதை இல்லை, காயம் ஆறாமல் பிரிவது இச்சத்திரசிகிச்சையின் தீராத தலைவலி. அதனால்தான் விழுந்த மறுநாளே கத்தி வைப்பதில்லை. வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் விழும்வரை, வாரக்கணக்கில்கூடக் காத்திருப்பார்கள். 'ஆஸ்பத்திரியில் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள்' என்று உறவினர்கள் முறையிடும்போது இதை நினைவிற்கொள்ள வேண்டும். புகைப்பிடிப்பவருக்கும் நீரிழிவு உள்ளவருக்கும் காயம் ஆறாமற்போகும் அபாயம் மேலும் அதிகம். எங்கள் நண்பர் வார்ட்டின் பின்புறம் சென்று பீடி குடித்தவர். அதை அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் காரணிகளுள் நோயாளியின் கையிலேயே இருக்கும் ஒன்று அது. யாராவது அவரிடம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் கேட்டிருப்பாரா என்பது வேறு விடயம்.

'உள்ளதைச் சொன்னால் நோயாளியின் மனம் உடைந்துவிடும்' என்று ஒரு வைத்திய நண்பர் என்னுடன் வாதிட்டார். மரியாதைக்குரிய வாதம்தான். ஆனால் எங்கள் பிரதேச மக்களுக்கு நிச்சயமில்லாத அபாயத்தோடு வாழத் தெரியாது என்று யார் சொன்னது? மழை கனத்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அம்பகமுவைப் பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் தயாராகு, சிவப்பு என்றால் வெளியேறு. மலை சரிந்தே தீரும் என்று எவரும் சொல்வதில்லை. சரியக்கூடும் என்கிறார்கள். அந்த 'கூடும்' என்ற சொல்லைக் கேட்டு அடையாள அட்டையையும் பிள்ளையின் பாடப்புத்தகத்தையும் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு பாடசாலைக் கட்டடத்துக்குப் போகும் மக்கள் இவர்கள். மலையைப் பற்றிய நிகழ்தகவு விளங்கும் மனிதருக்குத் தம் குதிகாலைப் பற்றியது விளங்காதா? 'உமது என்பு இத்தனை துண்டாக உடைந்திருக்கிறது. தரையில் நடப்பீர். மலையில் பழையபடி வேலை செய்ய முடியாமற்போகலாம். ஒன்று, இரண்டு வருடம்வரை முன்னேற்றம் இருக்கும். பின்னர் மூட்டை இறுக்கிவிடும் இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்படவும் கூடும்' என்று சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதும். அதைக் கேட்டவர் சாத்திரியிடம் போகமாட்டார். (எங்கள் நண்பர் போனார். சனி மாற்றம் முடிந்ததும் குதிகால் சரியாகிவிடும் என்று அவரும் ஒரு தவணை கொடுத்தார்.)

சொல்ல விரும்பினாலும் மருத்துவர்களின் கையிலுள்ள அளவுகோல் எங்கள் மலையை அளப்பதில்லை என்பது இரண்டாவது சிக்கல். அமெரிக்கப் பாத, கணுக்கால் சத்திரசிகிச்சையாளர் சங்கம் 1994இல் அறிமுகப்படுத்திய நூறு புள்ளி அளவுகோல், உலகெங்கும் குதிகால் ஆய்வுகளில் பயன்பட்டது. அதில் வலிக்கு 40 புள்ளி. கரடுமுரடான நிலம், சரிவு, படி, ஏணி ஆகியவற்றில் நடக்க இயலுமா என்பதற்கு 5 புள்ளி. நூற்றுக்கு ஐந்து! எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதைக் கேட்கிறார்களே, அதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? அமெரிக்க நகரத்துத் தெருச் சந்திகளுக்கு இடைப்பட்ட தூரத்தைக் கொண்டு. கினிகத்தேனையில் மூன்றாவது தெருச் சந்தியை எங்கே போய்த் தேடுவது? மலையில் அடியெடுத்து வைக்க முடியாத ஒருவர் இந்த அளவுகோலில் தொண்ணூறு புள்ளிக்கு மேல் வாங்கிச் 'சிறந்த பலன்' என்ற பட்டியலில் ஏறிவிட முடியும். 2011இல் அச்சங்கமே இதனைக் கைவிடுமாறு அறிவித்தது. ஆயினும் ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் காணக்கிடைக்கிறது. இப்போது கணினிக்குப் பழைய நோயாளிகளின் தரவைக் கொடுத்து எதிர்வுகூறச் செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கணினி எதைக் 'குணம்' என்று கற்றிருக்கிறது என்பது முக்கியம். நகரத்து நடையைக் குணம் என்று கற்ற கணினி எங்கள் நண்பருக்கும் மூன்று மாதம் என்றே சொல்லும்.

இது தீர்க்க முடியாத சங்கதி அன்று. வேறொரு விடயத்தில் நம் பக்கத்து நாடு தீர்த்தே காட்டியிருக்கிறது. கால் இழந்தோருக்கு மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் இந்தியாவிலும் கொடுக்கப்பட்டது. சப்பாத்துப் போட்டு நடைபாதையில் நடப்பவருக்காகச் செய்யப்பட்ட பாதம் அது. வெறுங்காலோடு வயலில் இறங்குபவருக்கும் குந்தியிருந்து சாப்பிடுபவருக்கும் அது உதவவில்லை. பலர் அதை மூலையில் போட்டுவிட்டுக் கோலூன்றினார்கள். ஜெய்ப்பூரில் டொக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1960களின் இறுதியில் இறப்பரைக் கொண்டு வேறொரு பாதத்தை உருவாக்கினார்கள். சேற்றில் இறங்கலாம், குந்தலாம், மேடு பள்ளத்துக்கு ஏற்பப் பக்கவாட்டிலும் சாயும். சேத்திக்கு 1981இல் மக்சேசே விருது கிடைத்தது. பெரிய எழுத்தறிவு இல்லாத சர்மாவின் பங்கு பலருக்குத் தெரியாமற்போனது தனிக்கதை. யுத்தம் தின்ற கால்களுக்காக அந்தப் பாதம் யாழ்ப்பாணத்துக்கும் வந்துசேர்ந்தது. நோயாளி எங்கே நடக்கிறார் என்ற கேள்வியிலிருந்து தொடங்கியவர்கள் அவர்கள்.

குதிகாலுக்கு விருது பெறும் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். நாவலப்பிட்டியிலும் டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் கிளினிக் அட்டையில் சில கேள்விகள் கூடுதலாக இருந்தாற்போதும். சரிவில் குறுக்கே நிற்க முடிகிறதா? இருபது கிலோ கொழுந்தோடு இறங்க முடிகிறதா? குந்த முடிகிறதா? மழைநாளில் வழுக்குப் பாதையில் மற்றக் காலை நம்பாமல் நிற்க முடிகிறதா? இவற்றை ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் இரண்டு வருடத்திலும் கேட்டு எழுதிவைத்தால், சில வருடங்களில் மலையகத்துக்கென்று ஓர் எதிர்வுகூறல் கைக்கு வரும். வியன்னாவின் கோணமும் அதில் இருக்கும், எங்கள் மலையின் கோணமும் இருக்கும். தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பு வேறு. மருத்துவச் சான்றிதழில் 'இலகு வேலை' என்று எழுதினால், 'இலகு வேலை எங்களிடம் இல்லை' என்று திருப்பி அனுப்பும் வழக்கத்தை நான் பலமுறை செய்தியாக எழுதியிருக்கிறேன். தவறணை, ஸ்டோர், காவல், பிள்ளைமடுவத்தின் சிறு வேலைகள் என்று எத்தனையோ உண்டு. ஒரு வருடத்துக்கு ஒருவருக்கு ஒதுக்கினால் எந்தக் கம்பனியும் முழுகிப்போகாது. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைகளில் நாட்கூலியைப் பற்றி மட்டும் பேசுவதை விட்டு இதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். சேர்ப்பார்களா? எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

நண்பரைச் சென்ற மாதம் கடைத்தெருவில் கண்டேன். விழுந்து இரண்டு வருடம் கழிந்தபின் தவறணையில் மறுபடி ஓர் இடம் காலியாகி, கேட்டு வாங்கிக்கொண்டாராம். தார் ரோட்டில் நடக்கும்போது அவர் கால் முறிந்தவர் என்று அயலார் சொல்ல முடியாது. தேநீர் குடித்துக்கொண்டே போலர் கோணத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரு வெற்றிலையைக் கிழித்து இரண்டு கோடாக வைத்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் டொக்டருக்குத் தெரிஞ்சிருக்குமுங்களே ஐயா" என்றார். "அன்னைக்கே சொல்லியிருந்தாருன்னா அந்தத் தோடாவது மிஞ்சியிருக்கும்."

பிறகு நாவலப்பிட்டி பஸ் வந்தது. படியில் இடது காலை முதலில் வைத்து ஏறினார்.